ஐஸ் போடாத பெட்டி

ஷெரோமிக்கு,

நேற்று போனில், "பெட்டியப் பத்தி ஒங்க மேடம் ஒண்ணும் சொல்லலியே?" என்று கேட்டாய். நான் மழையைப் பற்றிப் பேசினேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கரையொதுங்கிச் செத்த ஐந்து டொல்பின்களின் நுரையீரல் துண்டுகள் அந்தப் பெட்டியில் இருந்தன. எந்த வைரஸ் அவற்றைக் கொன்றது, மற்றவற்றுக்கும் பரவுகிறதா என்று கண்டுபிடிக்க வேறு வழியே இல்லை. பௌர்ணமிப் போயா லீவோடு ஞாயிறும் சேர்ந்து கண்டி ஆய்வுகூடம் பூட்டியிருந்ததால் டிக்கோயாவுக்கு, நம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஐஸ் கரைவதைப் பார்த்தவள் நீதான்.

"அன்ஸார் நானா கடையில ஐஸ் வாங்கியாரவாங்க?"

"நம்ம ஊர் குளிருக்கு ஐஸ் எதுக்கு?" என்று சொல்லி, நம் தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் இரண்டு நாள் வைத்தேன். குளிரை நம்பியது பாதிதான். எதற்கு ஐஸ் என்று நானா கேட்பார். ஆபீஸ் உத்தியோகம் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவன் கடற்கரையில் பிணம் அறுக்கிறான் என்று தெரிந்துவிடும்.

கண்டியில் பெட்டியைத் திறந்ததும் நாற்றம். சோதிக்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள்.

மேடம் கேட்டபோது, "வீட்டுல தெரியாம ஐஸ எடுத்துட்டாங்க" என்றேன். நீ பெட்டியைத் தொடவே இல்லை, ஷெரோமி.

"பாவம், அவங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டுல போய் ஏசிறாதீங்க" என்றார் மேடம்.

இன்று மறுபடியும், ஏசினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். இப்படியொரு நல்ல புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று எல்லோர் முன்னாலும் மெச்சினார். நான் சிரித்தேன்.

உன் வீட்டுக்காரன்