பதிலில் இல்லாத பெயர்

14.03.2017, செவ்வாய்

பிரெஞ்சு அகதிகள் அலுவலகத்திலிருந்து பதிவுத் தபாலில் கடிதம். 2010-இல் எனக்குத் தந்த தற்காலிகப் பாதுகாப்பை நிறுத்த உத்தேசித்திருக்கிறார்களாம். என் நாட்டில் நிலைமை மாறிவிட்டதாம். ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தரலாம். அகராதியுடன் மூன்று முறை வாசித்தேன். பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை.

கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். தலைப்புப் போடாமல் எதையும் தொடங்கத் தெரியாது. இனி இக்குறிப்பேட்டில் வருபவை:

1. பதில் எழுதுதல். பாரிஸ் லா சப்பல் உதவிச் சங்கத்தில் கடிதம் பார்க்கும் பியட்றிஸ் உதவக்கூடும்.
2. வதிவிட அட்டை பறிபோனால் அறையை விடுதல்.
3. கிளிநொச்சியில் இருக்கும் மனைவி கமலராணிக்கு அறிவித்தல்.
4. மகன் கலைமாறனைப் பற்றி எதுவும் எழுதாதிருத்தல். எழுதினால் அங்கே அவனுக்குத் தீங்கு வரும்.

16.03, வியாழன்

கோகிலனிடம் சொன்னேன். அறையில் மற்றக் கட்டில் அவனுடையது. உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். சிரித்தான்.

"ஐயா, உங்கடை கேஸ் உப்புப் போடாத கஞ்சி. என்ரை கேஸிலை நான் ரெண்டு தரம் செத்திருக்கிறன். அதுக்குத்தான் பத்து வருச வதிவிடக் காட்."

"பொய்யல்லோ தம்பி?"

"பொய்தான். உங்கடை உண்மைக்கு என்ன தந்தவங்கள்?"

அவன்மேல் கோபம் வந்தது. பொறாமை என்றும் எழுதலாம்.

22.03, புதன்

சங்கத்துக்கு ஆறு பக்கப் பதில் கொண்டுபோனேன். இராணுவம் பிடித்த காணிகள், முகாம்கள், சட்டங்கள். அடிக்குறிப்புகள் பதினெட்டு. பியட்றிஸ் பொறுமையாக வாசித்தார்.

"நல்ல அறிக்கை, முசியே அரியநாயகம். உங்கள் நாட்டைப் பற்றியது. உங்களுக்கு என்ன நடந்தது?"

அடிக்குறிப்புகள் போதுமா என்று கேட்டேன். கோழை.

26.03, ஞாயிறு

கமலராணிக்குத் தொலைபேசி எடுத்தேன். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மாருடன் ஒரு மாதமாக றோட்டோரக் கொட்டகையில் இருக்கிறாள். பின்னால் லொறிச் சத்தம். மகனைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது என்றேன்.

"நான் பிள்ளையின்ரை படத்தை நெஞ்சிலை பிடிச்சுக்கொண்டு றோட்டிலை இருக்கிறன். சீஐடிக்காரன் முன்னாலை வந்து நிண்டு படம் எடுக்கிறான். நீங்கள் பாரிசிலை இருந்துகொண்டு ஆருக்கு ஒளிக்கிறியள்?"

"அவனுக்கு ஏதும்—"

"'எனக்குத்தான் பயம்' எண்டு சொல்லுங்கோ. அவன்ரை பேரைச் சாட்டாதேங்கோ."

வைத்துவிட்டாள்.

27.03, திங்கள்

முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

மே 2009, வட்டுவாகல். யுத்தம் முடிந்து இராணுவப் பக்கம் வந்த இடம். இயக்கத்தில் ஒருநாள் இருந்தவரும் வந்து பதியவேண்டும் என்று இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கலைமாறனை இயக்கம் பிடித்துக்கொண்டுபோய் நாலு மாதம் வைத்திருந்தது. அவ்வளவுதான். "அப்பா, சனத்தோடை சனமாப் போயிடுவம்" என்றான். நான்தான் — பதிவில் இருக்கிற ஆள் தொலையமாட்டான், பதியாதவனைத்தான் தேடுவார்கள் என்றேன். கச்சேரிப் புத்தி. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோனேன். அதிகாரி பிறந்த திகதியை விட்டுவிட்டார். நானே கேட்டு எழுதுவித்தேன். பிறகு அவனை மட்டும் பஸ்ஸில் ஏற்றினார்கள்.

என்ன மனிசனடா நீ?

29.03, புதன்

மகனைப் பற்றி ஒன்றரைப் பக்கம். அடிக்குறிப்பு இல்லை. அனுப்பிவிட்டேன்.

20.06, செவ்வாய்

நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். அதிகாரி இளம்பெண், மரியாதையானவர். மகன் விஷயத்தை 2010-இல் ஏன் சொல்லவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். அவனுக்குத் தீங்கு வரும் என்று பயந்தேன் என்றேன்.

"இப்போது சொல்கிறீர்களே. இப்போது தீங்கு வராதா?"

மேசையிலிருந்த என் கடிதத்தை நேராக்கி வைத்தேன். அவர் தட்டச்சு செய்தார்.

11.09, திங்கள்

பாதுகாப்பை நிறுத்திவிட்டார்கள் என்று கடிதம். மகன் பற்றிய தகவல் பிந்திச் சொல்லப்பட்டது. காரணம் கேட்டபோது விண்ணப்பதாரி விடையளிக்கவில்லை. சரியான குறிப்பு. அந்த மேசையில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம் இருக்கிறது. பியட்றிஸ் வக்கீல் தேடுகிறார். கோகிலன் கொத்துரொட்டி கொண்டுவந்து வைத்தான். பகிடி விடவில்லை.

நேர்காணல் அதிகாரிக்குரிய விடை அன்றே எனக்குத் தெரிந்திருந்தது. மகன் வருவான் என்றிருக்கும் கமலராணி பக்கத்தில் நிற்பதுபோல வாயை மூடிக்கொண்டேன். வக்கீலும் இதையே கேட்பார். இங்கே எழுதிப் பழகவேண்டும்.

முதல்நாள் போட்ட நாலாவது தலைப்பு பிழை. தீங்கு வருவதற்கு அவன் உயிரோடு இல்லை. 2010-இலும் இல்லை.