பீலிக்கரைக் கல்

மேல்பிரிவு,
பூனாகலை.
11.08.2024

மதுஷா அப்பாவுக்கு,

போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன். மகளோடு வழக்கம்போல் போனில் பேசுங்கள். எனக்குச் சொல்ல வேண்டியதை எழுதுங்கள்.

புது வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது. வரும் வரும் என்று இத்தனை வருஷம் காத்திருந்து, இனி வராது என்று நீங்கள் கொழும்புக்குப் போன பிறகு வந்திருக்கிறது. மலை சரியும் ஆபத்து இருப்பதால் லயத்தில் வரிசையாகக் குடியிருக்கிற எல்லாரையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் போனதும் லயத்தை இடிப்பார்களாம். புது வீடு சீமெந்துக் கல் வீடு. இரண்டு அறை, ஒரு குசினி, பின்னால் கொஞ்சம் நிலம். வாசலுக்குப் படி வைக்க மட்டும் மறந்துவிட்டார்கள். சாமான் கொண்டுபோய் வைக்க இப்போதைக்குத் தேயிலைப் பெட்டி ஒன்றைப் போட்டு ஏறி இறங்குகிறோம்.

இப்போது விஷயம் உங்கள் கல். லயத்தைச் சுற்றி நீங்கள் வருஷக்கணக்காகச் சேர்த்தது அப்படியே குவிந்து கிடக்கிறது. தண்ணீர்க் கான் வெட்டும்போது கிளம்பியது, இடிந்துபோன பழைய தேயிலை ஸ்டோரிலிருந்து சுமந்து வந்தது, ஆற்றில் எடுத்தது. ஊரில் ஆம்பிளைகள் வேலை விட்டு வரும்போது பிஸ்கட் கொண்டுவருவார்கள், நீங்கள் கல் கொண்டுவருவீர்கள். மெசின் வந்தால் எல்லாவற்றையும் பள்ளத்தில் தள்ளிவிடும். அதற்கு முன்னால் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். உங்கள் கல் என்பதால் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

பீலித் தண்ணீர் விழும் இடத்தில் நான் குளிக்க நீங்கள் போட்டுத் தந்த தட்டைக் கல்லை மட்டும் நான் கொண்டுபோகிறேன்.

இப்படிக்கு,
சிவசக்தி

வத்தளை.
20.08.2024

சிவசக்திக்கு,

கடிதம் கிடைத்தது. வீடு வந்தது சந்தோஷம். கல்லில் கை வைக்காதே.

அது எதற்குச் சேர்த்த கல் என்று உனக்குத் தெரியாதா? நமக்கென்று ஒரு துண்டு நிலம் கிடைத்தால் நம் கையாலேயே கல் வீடு கட்ட வேண்டும் என்று சேர்த்தேன். நிலம் வராமல் எனக்கு வெறுத்துப்போனது உண்மை. "கல்லோடயே குடும்பம் நடத்துங்க" என்று நீ சொன்னதும், நான் பையைத் தூக்கியதும் உண்மை. அதற்காக அத்தனையும் ஊருக்கு அள்ளிக்கொடுப்பதா?

இங்கே நாள் முழுவதும் சீமெந்துக் கல் அடுக்குகிறேன். எல்லாம் ஒரே அச்சு. எதையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை. சாயங்காலம் ஆனால் என்ன செய்தேன் என்றே ஞாபகம் இருப்பதில்லை. அந்தக் கல்லும் போய்விட்டால், நான் திரும்பி வந்து செய்ய அங்கே என்ன இருக்கிறது?

தீபாவளிக்கு வருகிறேன். அதுவரை பொறு.

சதீஸ்குமார்

மேல்பிரிவு,
பூனாகலை.
01.09.2024

மதுஷா அப்பாவுக்கு,

போன தீபாவளிக்கும் வருகிறேன் என்றுதான் சொன்னீர்கள். மெசின் உங்களுக்காகக் காத்திருக்காது.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனேன். அழுகையில் கண் தெரியாமல் முற்றின இலையையும் சேர்த்துப் பறித்துக் கங்காணியிடம் பேச்சு வாங்கினேன். இங்கே நான் இருக்கிறேன். மதுஷா இருக்கிறாள். எங்களை ஒரு கல்லாகக்கூட நீங்கள் எண்ணவில்லையே.

கல்லைக் கொடுக்கத் தொடங்கிவிட்டேன். திட்டினால் திட்டுங்கள். பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கிற மாரியாயி அக்கா வெளியே அடுப்புக் கட்டக் கேட்டார், கொடுத்தேன். சந்தியில் கடை வைத்திருக்கிற வாஹித் நானாவுக்குக் கடை முன்னால் கான் உடைந்து கிடக்கிறதாம், அதற்குக் கொடுத்தேன். ஆளாளுக்கு வாசல்படிக்கு எடுத்துப்போனார்கள். ஆனால் பெரும்பங்கு வேறு ஒன்றுக்கு. புது வீடுகளுக்குப் பின்னால் மலையை வெட்டிய இடம் வெறும் செம்மண்ணாக நிற்கிறது. ஐப்பசி மழை வந்தால் நேரே குசினிக்குள் வந்துவிடும். மாரியாயி அக்காவின் மூத்த மகன் ஜெயரூபனும் மற்ற ஆம்பிளைகளும் சேர்ந்து அங்கே கல்லுக்கட்டு கட்டப் போகிறார்கள். கல் இருக்கிறது, ஆள் இருக்கிறது, கட்டத் தெரிந்தவர்தான் வத்தளையில் இருக்கிறார். உங்களிடம் கேட்டுச் சொல்லச் சொன்னான்.

அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்?

சிவசக்தி

வத்தளை.
12.09.2024

சக்திக்கு,

அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. நீயும் மகளும் இல்லாமல் எனக்கு எதற்கு வீடு? கோபத்தில் பேனா ஓடிவிட்டது. நீ அழுதாய் என்று படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

ஜெயரூபனிடம் சொல். பெரிய கல் எல்லாம் அடியில் போக வேண்டும். கட்டு நேராக நிற்கக்கூடாது, மலைப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கட்டும். நீளக் கல்லைப் பார்வைக்காக முகப்பில் படுக்கப்போடுவார்கள், விடாதே. அதன் தலை மட்டும் வெளியே தெரிய, உடம்பு மலைக்குள் போக வேண்டும். அதுதான் பிடி. பின்னால் சல்லிக் கல்லைப் போட்டு நிரப்பட்டும். முக்கியமானது, அழகுக்கென்று சீமெந்து பூசிவிட வேண்டாம். அவன் பூசுவான், எனக்கு அவனைத் தெரியும். மலைத் தண்ணீர் வெளியே வர வழியில்லாவிட்டால் கட்டைத் தள்ளிவிடும்.

பழைய ஸ்டோர்க் கல்லில் ஒரு பக்கம் உளி பட்டு நேராக இருக்கும். அதை மூலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்.

வாஹித் நானாவுக்குக் கொடுத்தது நல்லது. நமக்கு அரிசி இல்லாத நாளில் முகம் சுளிக்காமல் கொடுத்த மனிதர்.

சதீஸ்குமார்

மேல்பிரிவு,
பூனாகலை.
06.10.2024

அன்புள்ள மதுஷா அப்பாவுக்கு,

கல்லுக்கட்டு முடிந்துவிட்டது. உங்கள் கடிதத்தை நான் சத்தமாகப் படிக்கப் படிக்க அவர்கள் கட்டினார்கள். ஜெயரூபன் சீமெந்து மூட்டையை அவிழ்க்கப்போனான். "எனக்கு அவனைத் தெரியும்" என்று நீங்கள் எழுதியதையும் சேர்த்தே படித்துவிட்டேன். எல்லாரும் சிரித்ததில் மூட்டையைத் திரும்பக் கட்டிவிட்டான்.

இப்போது ஒரு கூத்து நடந்திருக்கிறது. என் பீலிக்கரைக் கல்லைக் கடைசியாகத் தூக்கலாம் என்று குவியல் பக்கத்தில் நிறுத்திவைத்திருந்தேன். மாரியாயி அக்காவின் மகன்மார் அதையும் டிரக்டரில் ஏற்றிவிட்டார்கள். அந்தக் கல்லில்தான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மஞ்சள் உரசுவேன். குளிக்கும்போது கழற்றுகிற ஸ்டிக்கர் பொட்டையும் அதில்தான் ஒட்டுவேன். உடம்பெல்லாம் மஞ்சள், மேலே சிவப்புப் பொட்டு. படுத்துக் கிடந்த கல் நிமிர்ந்து நின்றதில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. டிரக்டர் இறக்கிய குவியலில் அடுப்புக்குக் கல் தேடப்போன அக்கா அதைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம். "அம்மா தானாத்தான் வந்திருக்கா. நம்மளா கூப்பிட்டோம்?" என்று சவுக்கு மரத்தடியில் நிறுத்தி விளக்கும் ஏற்றிவிட்டார்.

நான் போய்ப் பார்க்கும்போது தேங்காய் உடைத்தாயிற்று. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் நின்றால் எல்லாருக்கும் அந்த அம்மனைப் பற்றித்தான் பேச்சு. புது இடத்தில் பயமாக இருந்தது, இப்போது பயமில்லை என்கிறார்கள். இந்த நிலையில் போய், அது நான் முதுகு தேய்த்த கல் என்று எப்படிச் சொல்வேன்? மதுஷா சாமி கும்பிடும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். கிள்ளி வைத்திருக்கிறேன்.

ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அது என் கல். கல்யாணமான புதிதில் எனக்குக் கால் வழுக்குகிறது என்று நீங்கள் ஆற்றிலிருந்து தோளில் சுமந்து வந்தது. மற்றதையெல்லாம் கொடுக்க முடிந்தது, அதை என்னால் முடியவில்லை. என்ன செய்யட்டும்?

அன்புடன்,
சக்தி

வத்தளை.
15.10.2024

அன்புள்ள சக்திக்கு,

உன் கடிதத்தைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பார்த்தார்கள். நான் சுமந்த கல்லுக்குத் தேங்காய் உடைக்கிறார்கள், எனக்கு ஒரு பிளேன்டீகூட யாரும் கொடுத்ததில்லை.

அங்கேயே இருக்கட்டும். பயம் போயிருக்கிறது என்றால் அதை ஏன் கலைப்பது? அதைச் சுமந்தது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அது போதும்.

தீபாவளி லீவு சந்தேகமாக இருக்கிறது. முதலாளி சரி என்கிறார், மேற்பார்வையாளர் விடமாட்டேன் என்கிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான். மதுஷாவுக்குச் சட்டை அனுப்புகிறேன்.

சதீஸ்

மேல்பிரிவு,
பூனாகலை.
10.11.2024

அன்புள்ள மதுஷா அப்பாவுக்கு,

நீங்கள் வராமலே தீபாவளி போய்விட்டது. உங்கள் பங்குப் பலகாரத்தை வைத்திருந்து, பிறகு ஜெயரூபனுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு வருத்தம்தான். மறைக்கவில்லை.

மறுவாரம் பிடித்த மழை விடவே இல்லை. நாங்கள் இருந்த லயத்தின் மேலே மண் இறங்கி, பழைய பீலியே தெரியாமல் மூடிவிட்டது. அங்கேயே இருந்திருந்தால் என்று நினைக்கவே நடுங்குகிறது. இங்கே எல்லாரும் விடிந்ததும் கல்லுக்கட்டைத்தான் ஓடிப்போய்ப் பார்த்தோம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் தண்ணீர் தெளிந்து வழிந்துகொண்டிருந்தது. ஒரு கல் அசையவில்லை. ஜெயரூபன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணன் இங்க இல்லைனு யாரு சொன்னா?" என்றான்.

அந்த மழையிலேயே நம் தேயிலைப் பெட்டி ஊறி உடைந்து நான் விழுந்துவிட்டேன். பயப்படாதீர்கள், கணுக்காலில் வீக்கம்தான், வற்றிவிட்டது. கொடுக்கிற மும்முரத்தில் நமக்கென்று ஒரு படிக்கல்கூட வைத்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. மாரியாயி அக்கா வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறார். கல்யாண வீட்டுக்கு மொய் கொண்டுவருவதுபோல், கல் வாங்கிய ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கல் வந்துவிட்டது. வாஹித் நானா ஓட்டோவில் அனுப்பினார், கூடவே ஒரு கட்டு பேரீச்சம்பழம். எல்லாம் உங்கள் கல். போன கல் திரும்பி வாசலில் கிடக்கிறது.

ஜெயரூபன் அப்போதே படி வைத்துத் தருகிறேன் என்று மண்வெட்டியோடு வந்தான். வேண்டாம் என்றேன். ஏன் என்றான். "வைக்கிறதுக்கு எங்க வீட்டு ஆள் இருக்கு" என்றேன்.

சொல்லிவிட்டேன். இனி என் வார்த்தை உங்கள் கையில்.

அன்புடன்,
சக்தி

வத்தளை.
19.11.2024

என் அன்புச் சக்திக்கு,

கணக்கை முடித்துவிட்டேன். மேற்பார்வையாளர் இந்த முறை என்னிடம் பேசிப் பார்த்தார், நான்தான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறிப் பண்டாரவளையில் இறங்கி விடியற்காலை அங்கே இருப்பேன். பையில் துணி குறைவு, உளியும் சுத்தியலும்தான் கனம்.

கல்லை யாரும் தொட வேண்டாம். நான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதுவரை மதுஷாவைத் தூக்கி இறக்கிவிடு. நீ வாசலில் இறங்காதே, பின் கதவால் சுற்றி வா.

படி வைத்து முடிந்ததும் ஆற்றுக்குப் போய் ஒரு தட்டைக் கல் பார்க்கிறேன். தோளில் சுமக்க முடியுமா தெரியாது, வயது போய்விட்டது. இரண்டு பேருமாகத் தூக்கி வரலாம். புதுப் பீலியில் போட்டுத் தருகிறேன், நிம்மதியாக மஞ்சள் உரசு. பொட்டை மட்டும் தயவுசெய்து சுவரில் ஒட்டு.

உன்,
சதீஸ்