பல் பிடுங்கிய நேரத்தில் போட்ட கையெழுத்து

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. அங்கே நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன், இங்கே அப்பாவுக்கு ஒன்றுமில்லை, எனக்கு ஒரு பல் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வாடகை ஒப்பந்தத்துக்கு உன் கையெழுத்தைப் படமெடுத்து அனுப்பி, நீயே ஒட்டிக்கோம்மா என்றிருந்தாய். ஒட்டவில்லை, கோபப்படாதே. படத்தை யார் வேண்டுமானாலும் எந்தக் காகிதத்திலும் ஒட்டலாம். செல்போனுக்கு எண் வந்து, அதை அடித்தால் பதிவாகிற இன்னொரு வகைக் கையெழுத்து இருக்கிறது, போன் உன் கையில் இருந்தது என்கிற அளவுக்குத்தான் அது சாட்சி. மூன்றாவது வகை, எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்குக் கொடுத்தது. பென்டிரைவ் மாதிரி இருக்கும், உள்ளே எனக்கு மட்டுமான ரகசியச் சாவி என்கிற குறியீடு, அதைத் திறக்க ஒரு எண். அதற்கு ஜோடியான பொதுச் சாவியால் யாரும் சரிபார்க்கலாம், கையெழுத்தான பிறகு அறிக்கையில் ஒரு புள்ளியை மாற்றினாலும் காட்டிக்கொடுத்துவிடும். பொத்தானை அழுத்தியது யார் என்று மட்டும் அதற்குத் தெரியாது.

அதைப் போய் நான் கம்ப்யூட்டரிலேயே சொருகிவைத்து, எண்ணைத் திரைக்குக் கீழே ஒட்டியிருந்தேன். எங்கள் கூடத்தில் எல்லோரும் அப்படித்தான். போன மாதம் நான் பல் பிடுங்கப் போன காலையில் ஒரு பள்ளிக்கூடத்துத் தண்ணீர் அறிக்கையை அவசரமாகக் கேட்டிருக்கிறார்கள். பக்கத்து மேசைக்காரி, என் இருபது வருஷத் தோழி, அவ வந்தாலும் இதத்தானே செய்வா என்று என் சாவியாலேயே கையெழுத்திட்டு, குடிக்கலாம் என்று அனுப்பிவிட்டாள். கிருமி வளர்கிறதா என்று பார்க்க அந்தத் தண்ணீரை விட்டுவைத்த தட்டு இன்னும் ஒரு நாள் சூட்டுப்பெட்டியில் இருந்திருக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி. நான் போன் செய்வதற்குள் பிள்ளைகள் குடித்துவிட்டார்கள். பதினோரு பேருக்கு வயிற்றுப்போக்கு, ஒரு சின்னப் பெண் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள்.

மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்க அப்ப பல் டாக்டர்கிட்ட இருந்தீங்கல்ல, அதை மட்டும் எழுதிக் குடுத்துட்டு ஒதுங்கிக்குங்க என்றார். அழுத்தியது அவள், திறந்துபோட்டது நான் என்று எழுதிக் கொடுத்தேன். என் சாவியை ரத்து செய்தாயிற்று, இப்போது பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். அவளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், போனை எடுப்பதில்லை. தலையா போயிடுச்சு, விடு என்கிறார் உன் அப்பா.

ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தச் சின்னப் பெண்ணைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனேன். நான் யாரென்று தெரியாமல் அவள் அம்மா டீ கொடுத்தாள். யாரோ ஒரு மேடம் கையெழுத்துப் போட்ட பேப்பர் ஸ்கூல்ல ஒட்டியிருந்துச்சு, அத நம்பித்தான் வீட்டுத் தண்ணி குடுத்தனுப்பல என்றாள். அந்த மேடம் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறதடா.

ஒப்பந்தத்தை முழுக்கப் படித்து, உன் கையாலேயே கையெழுத்திட்டு அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு. நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. நாளைக்கு மறுபடி அந்த வீட்டுக்குப் போகிறேன். அந்த மேடம் நான்தான் என்று அந்தப் பெண்ணின் அம்மாவிடம் சொன்ன பிறகுதான் இதைத் தபாலில் போடுவேன். இது உன் கைக்கு வந்தால், சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு,
உன் அம்மா