விசாரிக்க வந்தவர்களுக்கு றோல்ஸ்

அன்பு மகள் அஜித்தாவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் நல்ல சுகம், ஒரு குறையும் இல்லை. மெல்பேர்னில் நீயும் மருமகனும் அதேபோல இருக்க நல்லூர் முருகன் துணை. நீ கேட்ட இரண்டு சேலைகளையும் அப்டன் பார்க் கடையில் வாங்கி அனுப்புகிறேன். போனில் கதைத்தால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால் இந்தக் கடிதத்தைச் சேலை மடிப்புக்குள் வைக்கிறேன்.

நான் கல்லூரியில் கணக்குப் படிப்பது உனக்குத் தெரியும். ஆனியில் பரீட்சை, அதில் பாஸானால்தான் பள்ளிக்கூடத்தில் வகுப்பு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். எங்களைப் போல வசதி குறைந்த மாணவர்களுக்கென்று அங்கே அரசாங்கப் பணத்தில் ஒரு உதவித் திட்டம் நடக்கிறது. பஸ் பாஸ், குழந்தைகளைப் பார்க்க ஆள், மத்தியானம் சூப், பாடம் விளங்காதவர்களுக்குத் தனி வகுப்பு எல்லாம் அதில்தான். நடத்துபவர் ஷெறோன், பின்னக் கணக்கை என் மண்டையில் ஏற்றிய புண்ணியவதி. போன மாதம் பணம் தருகிற அலுவலகத்திலிருந்து இரண்டு பேர், இந்தத் திட்டம் தேவைதானா என்று எங்களிடமே விசாரிக்க வந்தார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று ஷெறோன் முதல்நாளே சொல்லியிருந்தார். எங்கள் காதில் விழுந்தது ஆட்கள் வருகிறார்கள் என்பது மட்டும். என்னோடு படிக்கிற பாமா, கைக்குழந்தைக்காரி, விடிய எழும்பி மட்டன் றோல்ஸ் பொரித்தாள், நான் உழுந்து வடை சுட்டேன். எல்லோரும் கலியாண வீட்டுக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு போனோம், பாமாவின் கையில் கிடந்த காப்புகள் அவள் தமக்கையிடம் இரவல் வாங்கியவை. வந்த பெண் குறிப்புப் புத்தகத்தை விரித்து, ஏதும் கஷ்டம் உண்டா, வீட்டில் சமாளிக்க முடிகிறதா என்று கேட்டார். தேடி வந்த ஆட்களிடம் யாராவது பஞ்சப்பாட்டுப் பாடுவார்களா? ஒரு குறையும் இல்லை, இன்னொரு றோல்ஸ் எடுங்கோ என்றாள் பாமா. நானும் தலையாட்டினேன். மிச்சத்தைப் பெட்டியில் போட்டும் கொடுத்தனுப்பினோம்.

இப்போது முடிவு வந்திருக்கிறது. மாணவர்கள் வசதியாகவே இருக்கிறார்கள், ஈஸ்டரோடு திட்டத்தை நிறுத்தலாம் என்று. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, கேட்டதற்குக் கிடைத்த பதிலைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஷெறோன் எங்களை ஏசவில்லை, சாப்பாடு நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார். திட்டம் நின்றால் பாமாவுக்குக் குழந்தையை விட இடமில்லை, எனக்கும் பரீட்சை வரைக்கும் போய்வர வழியில்லை. ஷெறோன் மன்றாடி இன்னொரு சந்தர்ப்பம் வாங்கியிருக்கிறார். வரும் வியாழக்கிழமை நானும் பாமாவும் அந்த அலுவலகத்துக்கே போய் எங்கள் நிலைமையைச் சொல்ல வேண்டும். வெறுங்கையோட எப்பிடி அக்கா போறது என்று பாமா இப்போதும் கேட்கிறாள்.

கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன் பிள்ளை, வாயைத் திறந்தால் நாங்கள் சுகம் என்றுதான் வருகிறது. இந்தக் கடிதத்தின் முதல் வரியைப் பார், அதுவும் அப்படித்தான் வந்தது. அதனால் அங்கே சொல்ல வேண்டியதை முதலில் உனக்குச் சொல்லிப் பழகுகிறேன். அப்பாவுக்கு ஆவணியிலிருந்து வேலை இல்லை. முதுகு வருத்தம் என்று நிறுத்திவிட்டார்கள். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று உன்னிடம் போனை வைக்கிறாரே, அதன்பிறகு போய்ப் படுத்துக்கொள்கிறார். ஹீற்றரை ஒரு அறையில் மட்டும்தான் போடுகிறோம். மத்தியானம் கல்லூரி சூப்பைக் குடித்துவிட்டு, இரவில் எனக்குப் பசியில்லை என்று அவருடைய சோற்றுக் கோப்பையில் கூடுதலாகப் போடுகிறேன்.

காசு அனுப்பாதே, அதற்காக எழுதவில்லை. சொல்ல வருமா என்று பார்த்தேன், வந்துவிட்டது. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழ வேண்டும். சிவப்புச் சேலை சாயம் போகும், தனியாகத் தோய். அப்பாவிடம் சுகமா என்று கேட்டால் ஓம், சுகம் என்பார். அதோடு விட்டுவிடாதே, இன்னொரு தரம் கேள்.

உன் அம்மா
நீலவேணி
ஃபாரஸ்ட் கேட், லண்டன்