கொதித்தாறிய தண்ணீர்

இன்று காலையும் கேத்தலில் ஆறவைத்த தண்ணீரை மகளின் போத்தலில் ஊற்றினேன். ஊற்றும்போது எழும் அந்தச் சத்தம் போதும், நீங்கள் வந்துவிடுவீர்கள். நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. இருந்தபோது சொல்லாமல் விட்டதை இப்போதுதான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கண்தான் மஞ்சளித்தது. துறைமுகத்து வேலை முடிந்து வந்த உங்களை முற்றத்து வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்து, "செங்கமாரிதான்" என்று முடிவுகட்டியதும் நான்தான். கீழ்க்காய்நெல்லியை மோரில் அரைத்துத் தந்தேன். எண்ணெயை நிறுத்தினேன். இரண்டு மாதமாகியும் காய்ச்சல் விடவில்லை. காற்சட்டை உங்கள் இடுப்பில் நிற்கவில்லை. "இஞ்சேரும், இன்னும் கொஞ்ச நாள் உம்மட இலையைத் திண்டா நான் ஆடாகிடுவன்" என்றீர்கள்.

ஆஸ்பத்திரியில் விலாவுக்குள் ஊசி விட்டு ஈரலில் ஒரு துண்டு எடுத்தார்கள். நூல் துண்டளவுதான். அதைப் பரிசோதிக்கும் இடம் கொழும்பில் இருந்தது. வீட்டாரே கொண்டுபோக வேண்டும். தாதி மிஸ்ஸி துண்டு மிதந்த சின்னப் போத்தலொன்றை என் கையில் தந்து, "தங்கச்சி, துண்டு காயக் கூடாது, கவனம்" என்றா. மகளை விட்டுப்போக ஆளில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தம்பலகாமம் பக்கத்துச் சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி வரிசையாக நடந்தோம். ஆமிக்காரன் போத்தலைத் தூக்கிப் பார்த்தான்.

"மருந்து" என்றேன்.

"மருந்துதானே? குடி."

ஏலாது என்று தலையாட்டினேன். மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். கண் எரிந்து அவனுக்குக் கோபம் வந்தது. தண்ணீர் முழுவதையும் ரோட்டில் ஊற்றிவிட்டுப் போத்தலைத் திருப்பித் தந்தான். அடியில் உங்கள் ஈரல் ஒட்டிக்கொண்டிருந்தது.

காயக் கூடாது. அது மட்டுந்தான் என் தலைக்குள் ஓடியது. கையில் மகளின் போத்தல் இருந்தது. கொதித்தாறிய தண்ணீர், பிள்ளைக்கே கொடுக்கிற தண்ணீர், அதைவிடச் சுத்தமானது எது? ஊற்றினேன். நான் பட்டதாரிதான்; படித்தது புவியியல். கொழும்பு வரை பிள்ளை தண்ணீர் கேட்டு அழுதுகொண்டே வந்தாள்.

அங்கே வாங்கி வைத்தவர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது: துண்டு பழுதாகிவிட்டது, திரும்ப எடுக்கவும். ரோட்டில் போனது வெறும் தண்ணீரல்ல, தசை அழுகாமல் காக்கும் மருந்து என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நீங்கள் கட்டிலில் கிடந்து சிரித்தீர்கள். "முதல் துண்டு ருசியில்லையாமோ? இன்னொண்டு கேக்கிறாங்கள்." பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள். "ஏன் நீர் ஒண்டும் கதைக்கிறீர் இல்லை? வழியில ஏதும் நடந்ததோ?"

"ஒண்டும் நடக்கேல்லை."

இரண்டாம் ஊசிக்கு என் கையைப் பிடித்தபடி கிடந்தீர்கள். இந்தமுறை போத்தலோடு, சாவடியில் காட்ட, டொக்டர் முத்திரை குத்திய சிங்களக் கடிதமும் தந்தார். அது பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தது.

"இது செங்கமாரி இல்லை, பிள்ளை" என்றார் டொக்டர். "சின்ன வயசில அனேகமா எல்லாருக்கும் வந்துபோற ஒரு வைரஸ். ஆரோ ஒருத்தருக்கு அது ரத்தத்தின்ர வெள்ளை அணுவைப் புற்றாக்கிப்போடும். இவருக்கு அது ஈரலில குடியேறியிருக்கு. வெளியால பாத்தாச் செங்கமாரி மாதிரித்தான் இருக்கும்."

"முதல் துண்டிலேயே தெரிஞ்சிருந்தா, டொக்டர்?"

"அதை இனி ஒருத்தராலயும் சொல்ல ஏலாது."

முதல் மருந்து ஏற்றி ஒன்பதாம் நாள் போய்விட்டீர்கள்.

நீங்கள் உட்காரும் கதிரையில் தோய்த்த உடுப்பைக் குவித்து வைக்கிறேன். வெறுமையாய்க் கிடந்தால் பார்க்க ஏலாது. மகளுக்கு ஐந்து வயது. காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையில் ஜன்னலடியில் நிறுத்தி அவளுடைய கண்ணை விரித்துப் பார்ப்பேன். "நேற்றும் பாத்தனீங்கள்தானே அம்மா" என்பாள். வெள்ளையாகத்தான் இருக்கிறது. அடுத்த நாளும் பார்ப்பேன்.

பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு காவலரண். இன்று அங்கே நின்றவன் அவளுடைய போத்தலை நோக்கி விரலை நீட்டினான். அவன் சொல்ல முதலே ஒரு மிடறு குடித்துக் காட்டிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். நான் போத்தலை வாங்கி மூடியை இறுக்கினேன்.

வழியில் ஏதும் நடந்ததோ என்று கேட்டீர்கள். ஓம், நடந்தது. காயக் கூடாதெண்டு பிள்ளையின்ர தண்ணியை ஊத்தினனான்.