கயிற்றின் மேல் நுனியில்

மொன்றியல், மே 2006

அண்ணை,

இன்று காலை ஹீற்றர்க் குழாய் தட்டியது. ஒரே ஒரு தட்டு. மே மாதம் பாதி போய்விட்டது, ஹீற்றரை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கை வைத்துப் பார்த்தேன், குழாய் குளிர்ந்துதான் கிடந்தது. உங்கள் வீட்டுக்குப் புது ஆட்கள் ஜூலை முதலாந்திகதிதான் வருகிறார்கள். என்றாலும் தேநீரை வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினேன். பூட்டிய கதவில் காதை வைத்து நின்றுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இந்தப் பழைய கட்டடத்தில் நீங்கள் கீழ், நான் மேல். உங்கள் வீட்டைச் சூடாக்கும் குழாய்தான் என் வீட்டுக்கும் ஏறி வருகிறது. மன்னாரில் பிறந்து, பஹ்ரைனில் பதினைந்து வருடம் லொறி ஓட்டி, இருதய நோயோடு இங்கே வந்து சேர்ந்தவர் நீங்கள். ஞாயிறு பூசை முடிந்து என் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் அந்த பஹ்ரைன் தீவின் கதைதான். வீதி போட வெட்டிய மேடெல்லாம் நாலாயிரம் வருடத்துக் கல்லறை என்பீர்கள். உப்புக்கடலின் அடியில் நல்ல தண்ணீர் ஊற்று உண்டு, ஆட்கள் மூழ்கித் தோற்பையில் பிடித்து வருவார்கள் என்பீர்கள். ஜப்பான்காரன் முத்து வளர்க்கத் தொடங்கியதும் முத்துக்குளிக்கும் தோணிகள் கரையேறின, பிறகு எண்ணெய் வந்தது. பாடம் போதும், சோறு ஆறுகிறது என்று கடிந்துகொள்வேன்.

ஒரு கதைக்கு மட்டும் நான் குறுக்கே பேசியதில்லை. அங்கே முஹர்ரக் ஊரில் நீங்கள் குடியிருந்த வீட்டுக் கிழவர், இளமையில் முத்துத்தோணியில் கயிறு பிடித்தவர். மூழ்கியவன் மூச்சு முட்டினால் கயிற்றை ஒரு தரம் இழுப்பான், மேலே நிற்பவன் உடனே தூக்க வேண்டும். ஒருநாள் இழுப்பு வந்தது. அலை என்று நினைத்துவிட்டார். அடியில் இருந்தது அவருடைய தம்பி. கிழவரான பிறகும், பேசிக்கொண்டிருக்கையில் அவர் கை தானாக மூடி, இல்லாத கயிற்றை இழுக்குமாம்.

நெஞ்சு வலித்தால் கரண்டியால் குழாயில் தட்டுங்கள் என்று சொன்னது நான்தான். சூடேறும்போது அது தானாகவும் தட்டும் என்பதால் மூன்று தரம் தட்டச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"மூண்டு தரம் இழுக்க அடியில கிடக்கிறவனுக்கு மூச்சு ஏது, தங்கச்சி? ஒண்டுதான் வரும். நீ கவனமா இரு."

போன ஒக்டோபர் கடைசியில், முதல் பனி விழுந்த ஞாயிறு. வீட்டுக்காரன் மனமிளகி அன்றுதான் ஹீற்றர் போட்டிருந்தான். நீங்கள் பூசைக்கு வரவில்லை, குளிருக்குப் பயந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். குழம்புக்குப் புளி விட்டுக்கொண்டிருந்தபோது தட்டியது. ஒன்றுதான். சூடேறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழம்பு வற்றும்வரை நின்று, சட்டியோடு கீழே வந்தேன். நீங்கள் குழாயடியில் சாய்ந்திருந்தீர்கள். கரண்டி கையில் இருந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

உடனே வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் வைத்தியர். கோயிலிலும் எல்லோரும் அதையே சொன்னார்கள். எனக்கு மனம் ஆறவில்லை, அண்ணை. நீங்கள் சொன்னபடிதான் தட்டினீர்கள். நான்தான் கேட்டும் நின்றேன்.

இதை எழுதுவதற்குள் பேனை இரண்டு தரம் விழுந்துவிட்டது. அந்த ஞாயிறிலிருந்து, முஹர்ரக் கிழவருக்குப் போல, என் விரல்கள் தாமாக மூடுகின்றன. முன்பெல்லாம் மூடிய கைக்குள் ஒன்றும் இருக்காது. இன்று கயிற்றில் பாரம் தெரிகிறது. விடமாட்டேன், அண்ணை. தூக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.