பூனைக்கு எதற்கு இரண்டாம் பாகம்

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. இது இப்படித்தான் வந்து முடியும் என்று நான் மூன்று வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். உன் வீடியோ விளையாட்டு வெளிவந்த அன்றைக்கே, கடையில் ஒரு வேன் சீட்டுக்கு உறை மாட்டிக்கொண்டே, இது பிய்த்துக்கொண்டு ஓடும், ஓடினால் உன் கம்பெனிக்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், பின்னால் இரண்டு என்று நம்பர் போட்டு இன்னொன்று கேட்பார்கள் என்று சொன்னேன். சாட்சிக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் இருக்கிறார். அன்றைக்கு நான் சொன்னது 'நூல் தீந்துபோச்சு' என்பது மட்டும்தான் என்று உன் சித்தி சொல்கிறாள், அவள் அன்று கடைப் பக்கமே வரவில்லை. இங்கே அவளுடைய முட்டி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, நீ அனுப்பியிருந்ததைச் சித்தி உரக்கப் படித்தபோதே உன் சுகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

போனில் பேசலாம்தான். ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் உன் சித்தி பிடுங்கிக்கொள்கிறாள், நீயும் 'சரி சித்தப்பா, சரி சித்தப்பா' என்று என்னைத் தட்டிக்கொடுத்து வைத்துவிடுகிறாய். காகிதம் குறுக்கே பேசாது. எழுதி முடித்ததும் சித்தி பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவாள். பிழை இருந்தால் சிரிக்காதே, எட்டாம் வகுப்போடு நான் நின்றது எனக்குப் படிப்பு வராமல் இல்லை, வாத்தியாரிடம் எனக்குச் சொல்லிக்கொடுக்க மேற்கொண்டு சரக்கு இல்லாமல்.

கோபம் எனக்கு எந்த இடத்தில் தலைக்கு ஏறியது தெரியுமா. இருபதாம் தேதிக்குள் இரண்டாம் பாகத்துக்கு நீ தலைமை ஏற்று மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளை வைத்து அவர்களே செய்துகொள்வார்கள், நீ மேஜையைக் காலி செய்துகொண்டு போகலாம் என்றார்களே, அந்த இடத்தில் கூட இல்லை. முதலாளி என்றால் அப்படித்தான் பேசுவான். நீ இரண்டு வருடமாக நோட்டு நோட்டாக வரைந்து வைத்திருக்கிற புது விளையாட்டைக் காட்டியதும், உன் கம்பெனி விற்பனைக்காரர் ஆறாம் பக்கத்தில் மூடிவைத்துவிட்டு, 'அருமையா இருக்கு, ஆனா இது எது மாதிரி இருக்கும்னு ஜனங்ககிட்ட எப்படிச் சொல்றது' என்று கேட்டாராம் பார், அங்கேதான். எது மாதிரியும் இல்லை என்பதால்தானே ஐயா அது புதுசு. பஸ் நிலையத்தில் தொலைந்த பொருள் அலுவலகம், அங்கே ஒரு பெண், ஒற்றைச் செருப்பையும் குடையையும் கண்ணாடிக் கூட்டையும் பார்த்துப் பார்த்து இது யாருடையது என்று கண்டுபிடித்துத் திருப்பிக்கொடுக்க வேண்டும். அடிதடி இல்லை, ஓட்டம் இல்லை. கேட்டதுமே பஸ்ஸில் தொலைத்த என் குடை ஞாபகம் வந்துவிட்டது. அந்த யோசனையே நான் குடையைத் தொலைத்ததில்தான் உனக்கு வந்தது என்று இங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், நீ மறுக்காதே.

உடனே உன் கம்பெனிக்குப் போன் போட்டேன். பெரிய தலையையே பிடித்து அரை மணி நேரம் வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டேன், ஆள் வாயே திறக்கவில்லை. அது ஆளே இல்லை, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று சொல்லும் பதிவுக் குரல், நீங்க திட்டினதுக்கு நடுவுல அது பாட்டுப் போட்டுச்சு என்கிறாள் சித்தி. இருக்கட்டும், பதிவு என்றால் இன்னும் நல்லது, திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

இரண்டாம் பாகத்தில் என்னென்ன வரப்போகிறது என்று நீ எழுதிய பட்டியலைக் கடையில் ஊசி கோத்துக்கொண்டே யோசித்தேன், இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டேன். முதல் விளையாட்டில் என்ன இருந்தது. ஒரு லிஃப்ட் மெக்கானிக், தோளில் ஒரு பை, ஒரு பழைய பத்து மாடிக் கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் ஓசையைக் கேட்டு, வாசனையைப் பார்த்து, எந்த லிஃப்ட் எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும், சரிசெய்து முடித்தால் பொத்தான் பலகைக்கு அடியில் ஒரு காவல் பூனையைக் கீறிவிட்டுப் போக வேண்டும். ஒரு வட்டம், இரண்டு காது, இடது காது வளைந்திருக்கும். அவ்வளவுதான். அதை முடித்துவிட்டு முன்பின் தெரியாத மனிதர்கள் அழுதார்களே. அந்தப் பத்து மாடி இப்போது ஐந்நூறு மாடி ஆகுமாம். மெக்கானிக்குக் கையில் துப்பாக்கியாம். கெட்ட பூனைகள் வருமாம், சுட்டுத் தள்ள வேண்டுமாம். நல்ல பூனைக்குத் தொப்பியும் கூலிங் கிளாசும் தனித்தனியாக விற்பார்களாம். அந்த மெக்கானிக் வேறு யார், லிஃப்ட் பழுதுபார்த்தே வாழ்ந்த என் அண்ணன், உன் அப்பாதானே. அவர் ஆயுசு முழுக்க ஸ்க்ரூடிரைவரைத் தவிர வேறு ஒன்றைக் கையில் பிடித்ததில்லை, கறிகாய்க் கத்தியைப் பார்த்தாலே இரண்டடி தள்ளி நிற்பார். அவர் கையில் துப்பாக்கி கொடுக்க இவர்கள் யார்.

மருந்துக்கடைக்காரரிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன். உன் விளையாட்டை நான் விளையாடுவதே அவர் வீட்டு மெஷினில்தானே, நாலாம் மாடி வரை வந்துவிட்டேன். அவர் வீட்டு அலமாரியைத் திறந்தால் ஆத்திரம் வருகிறது, ஒரே கால்பந்து ஏழு பெட்டி, வருடா வருடம் சட்டை நிறம் மட்டும் மாறியிருக்கிறது. ஒரே சண்டை ஐந்து பாகம், அதே ஆள், தாடி மட்டும் வளர்ந்திருக்கிறது. இரண்டாம் பாகம் கேட்டு உன் கம்பெனிக்கு எழுதியவர்களில் அவரும் ஒருவராம். கொஞ்சம் கூடக் கூச்சமில்லாமல் சொல்கிறார், 'அண்ணே, காலையிலிருந்து பேர் வாயில நுழையாத மாத்திரையா எடுத்துக் கொடுத்துட்டு வீட்டுக்கு வர்றேன். அதுக்கப்புறம் புதுசா ஒண்ணைக் கத்துக்க எனக்குத் தெம்பு இல்ல. உங்க பொண்ணு கட்டடத்துக்குள்ள போனா எந்தக் கதவு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்ச வீட்டுக்குள்ள மறுபடி போகணும்னு ஆசைப்பட்டா அது ஒரு தப்பா' என்று. நான் அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்தேன். 'ம்' என்று சொல்லிவிட்டுத் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்ததாகச் சித்தி சொல்வாள், அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் மருந்துக்கடைக்காரர் சொன்னாராம்.

ஆனால் அந்த மனிதர் மேல் வந்த கோபம் கூடப் பாதி வழியில் என் மேலேயே திரும்பிவிட்டது. சீட் உறைக்கு முதுகுப் பக்கம் பை வைத்துத் தைத்தவன் இந்த உலகத்திலேயே முதலில் நான்தான், உனக்குத் தெரியும். கறுப்பு உறையில் இரட்டைச் சிவப்புக் கோடும் என் யோசனைதான். முதல் உறை தைத்தபோது ராத்திரி எல்லாம் எனக்கு அதே நினைப்பு, எப்போது விடியும், எப்போது தைப்போம் என்று கை அரித்தது. அதற்கப்புறம் வந்தவன் எல்லாம் 'போன தடவை தைச்ச மாதிரியே' என்றான். பதினோரு வருடமாக அதே கறுப்பு, அதே சிவப்புக் கோடு. இப்போது கண்ணை மூடிக்கொண்டு தைக்கிறேன், இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, இந்த ஒரு தடவை பெருமைக்குச் சொல்லவில்லை. நடுவில் ஒரு வருடம் பச்சையில், மீன் செதில் மாதிரி மடிப்பு வைத்து ஒன்று தைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை, நானும் அதற்கப்புறம் புதிதாக எதையும் தைக்கவில்லை. அது என் நாற்காலியில்தான் கிடக்கிறது, அதன் மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள் மூன்று வருடத்தோடு எழுந்து வருவதில்லை மகளே. மூன்றாம் பாகம் கேட்பார்கள். உனக்கு இப்போது வயது இருபத்தொன்பது.

இத்தனைக்கும் உனக்குப் போக்கிடம் இல்லாமலும் இல்லை. தொலைந்த பொருள் அலுவலகம் எங்களுக்கு வேண்டாம், நீயே எடுத்துக்கொண்டு போ என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். படம் வரைகிற பெண்ணும் ஒலி சேர்க்கிற பையனும் உன்னோடு வெளியே வரத் தயாராக இருக்கிறார்கள். நீதான் தயாராக இல்லை. ஏன் என்று நீ எழுதிய வரியைச் சித்தி ஒரு தடவைதான் படித்தாள், இரண்டாம் தடவை அவளால் படிக்க முடியவில்லை. 'அது அப்பா போட்ட பூனை சித்தப்பா. அதை அவங்க கையில விட்டுட்டு நான் மட்டும் எப்படி வெளிய வர்றது. நான் உள்ள இருந்தா துப்பாக்கியையாவது தடுக்கலாம்' என்று எழுதியிருந்தாய். அதனால் கையெழுத்துப் போடப் போகிறாய்.

மகளே, இதுவரை எழுதியதை நின்றுகொண்டு படித்திருந்தால் இப்போது உட்கார்ந்துகொள். அது அப்பா போட்ட பூனை இல்லை. உன் அப்பா எந்த லிஃப்டிலும் எந்தப் பூனையையும் கீறியதில்லை. அதைக் கீறியது நான்.

உனக்கு அப்போது ஆறு வயது. அம்மா முகம் தெரியாமல் வளர்ந்தவள், இருந்தது அப்பா ஒருவர். காலையில் அவர் லிஃப்டுக்குள் நின்று உனக்குக் கை காட்டினார், கதவு மூடியது, சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது நெஞ்சுவலி வந்து போய்விட்டார். நீ பார்த்தது கதவு மூடியதை மட்டும்தான். லிஃப்ட் அவரைக் கொண்டுபோய்விட்டது என்று நீ முடிவு செய்துவிட்டாய். அப்போது நம் எல்லோருக்கும் ஒரே வீடு, ஆறாவது மாடி. ஒன்றரை மாதம் நீ படியில்தான் ஏறினாய், படியில்தான் இறங்கினாய், உன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே உன் சித்தி, அவள் முட்டி போனது அப்போதுதான். ஒரு நாள் மூன்றாவது மாடியில் நீ உட்கார்ந்துகொண்டு, இனிமேல் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றாய். மறுநாள் நீ பள்ளிக்கூடம் போன பிறகு, மத்தியானம், உன் சித்தி லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துப் பிடித்துக்கொள்ள, நான் தரையில் குந்தி உட்கார்ந்து, தோல் தைக்கிற குத்தூசியால் பொத்தான் பலகைக்கு அடியில் கீறினேன். வட்டம் சரியாக வந்தது, வலது காது சரியாக வந்தது. படியில் யாரோ வரும் சத்தம் கேட்டு உன் சித்தி காலை எடுத்துவிட்டாள், லிஃப்ட் குலுங்கியது, இடது காது வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த வளைந்த காதைத்தான் உன் கம்பெனி இன்றைக்குச் சட்டையிலும் கோப்பையிலும் அச்சடித்து விற்கிறது.

சாயங்காலம் உன்னைக் கூட்டிவந்து காட்டினேன். அப்பா சரிபார்த்த லிஃப்டில் எல்லாம் ஒரு பூனையைக் காவலுக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்றேன். நீ அதைத் தடவிப் பார்த்தாய், ஆறாவது மாடிப் பொத்தானை நீயே அழுத்தினாய். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குப் பெருமை தாங்காமல் மறுமாதம் பல் டாக்டர் கட்டடத்து லிஃப்டிலும் ஒன்று கீறினேன், கொஞ்சம் பெரிதாக, மீசையும் வாலும் வைத்து. நீ அதைப் பார்த்துவிட்டு 'ம்' என்றாய். அவ்வளவுதான், ஒரு 'ம்'. இரண்டாம் பாகம் என்னவாகும் என்று எனக்கு இருபத்துமூன்று வருடமாகத் தெரியும் என்று சொன்னால் இப்போதாவது நம்பு.

நிஜமான உன் அப்பா என்ன செய்வார் தெரியுமா. வேலை முடிந்ததும் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்துத் தன் கைரேகை பட்ட இடத்தையெல்லாம் துடைப்பார். ஆள் வந்துபோன தடமே இருக்கக்கூடாது என்பார். லிஃப்டில் யாராவது பேரைக் கீறி வைத்திருந்தால் அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவர் எங்கேயும் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை, அதனால் எவனும் எடுத்துக் கெடுக்க அங்கே ஒன்றும் இல்லை. அவர்கள் துப்பாக்கி கொடுக்கப் போவது நான் கதையாகக் கட்டிவிட்ட ஒரு ஆளுக்கு. தொப்பி மாட்டப் போவது என் பூனைக்கு. என் பூனைதானே, மாட்டிக்கொள்ளட்டும். நீ உன் நோட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வா.

நான் பத்துப் பேர் நடுவில் விடுகிற ஒவ்வொரு கதையையும் அங்கேயே உடைத்துவிடுவாள் உன் சித்தி. இந்த ஒன்றை மட்டும் அவள் ஒரு நாளும் உடைக்கவில்லை. நீ அந்த விளையாட்டைச் செய்து பேர் வாங்கியபோதும் வாயைத் திறக்கவில்லை. நேற்று உன் வரியைப் படித்துவிட்டு, 'போதும், சொல்லிடுங்க' என்றாள். என் மேல் உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், வந்துதான் ஆகும். எட்டு நாள் பேசாமல் இரு, ஒன்பதாம் நாள் பேசு.

நல்லா இரு மகளே. நீ தொட்டது விளங்கட்டும், விளங்காவிட்டாலும் அது உன்னுடையதாக இருக்கட்டும். நான் தைத்து அனுப்பிய முதுகு மெத்தையை நாற்காலியில் கட்டி உட்கார், அலமாரியில் வைத்துப் பூட்டாதே. இருபதாம் தேதி என்ன செய்தாய் என்று முதலில் சித்திக்குச் சொல், என்னிடம் சொன்னால் ஊருக்குள் வேறு மாதிரிப் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா.

கையெழுத்துக்குக் கீழே ஒரு வட்டமும் இரண்டு காதும் போட்டிருக்கிறேன், நம்பாவிட்டால் ஒத்துப் பார்த்துக்கொள். மேஜை குலுங்கவில்லை, யாரும் காலை எடுக்கவில்லை, ஆனாலும் இடது காது வளைந்துதான் வருகிறது. அன்றைக்கும் லிஃப்ட் குலுங்கவில்லை.